சித்திரகுப்தன் ஏடு திரையில் தெரிந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம் பற்றி நம் நாளிதழ்களில் எது வந்தாலும் பேச்சு இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடுகிறான், எவ்வளவு பணம் போகிறது. காசு வைத்து ஆடும் ரம்மிக்கு அந்த இரண்டு கேள்விகள் போதும். ஒரு நகரத்தையே திறந்துவிட்டு, கையில் மின்னலையோ நோயையோ கொடுத்து, 'இனி உன் பாடு' என்று சொல்லும் ஓப்பன் வேர்ல்டு கேம்களுக்கு அவை போதாது. வேலூர் வெயிலுக்குப் பயந்து கோடை விடுமுறை முழுக்க வீட்டுக்குள் கிடக்கும் பிள்ளைகள் கையில் இந்த வகையும் இருக்கிறது. அவன் கையிலுள்ள சக்தி பக்கத்தில் சும்மா நிற்கிற ஆளை என்ன செய்கிறது என்ற மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

இந்த வகையில் இன்றும் ஒப்பிட்டுப் பேசப்படும் இரண்டு கேம்கள் 2009-இல் அடுத்தடுத்த மாதங்களில் வந்தன. மே மாதம் சக்கர் பஞ்ச் நிறுவனத்தின் 'இன்ஃபேமஸ்', ஜூனில் ராடிக்கல் நிறுவனத்தின் 'புரோட்டோடைப்'. கதைச் சட்டகம் ஒன்றேதான்: ஒரு பேரழிவு, சீல் வைக்கப்பட்ட நகரம், நடுவில் திடீரென்று சக்தி பெற்ற ஒருவன். ஆனால் ஆடிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை.

இன்ஃபேமஸின் நாயகன் கோல் மேக்ராத் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவன். வெடிப்புக்குப் பிறகு அவன் உடம்பே மின்சாரம். கையிலிருந்து பாயும் சாதாரண மின்னலுக்கு எனர்ஜி செலவில்லை. மற்ற பெரிய தாக்குதல்களுக்கு உண்டு. எறிகுண்டு, அதிர்வலை, தூரத்தில் குறிபார்க்கும் மின்னல், ராக்கெட் போலப் பாயும் மின்பந்து எல்லாம் எனர்ஜியைக் குடிக்கும். தீர்ந்தால் தெருவிளக்கு, மின்பெட்டி, கார் என எதிலிருந்தாவது எல்2 பட்டனை அழுத்தி உறிஞ்ச வேண்டும். காயமும் அப்படித்தான் ஆறும். எல்3-ஐ அழுத்தினால் சுற்றியுள்ள மின்சாரம் எங்கே என்று தெரியும். ஆகவே இங்கே சண்டையின் முதல் விதி குறி பார்ப்பதில்லை, இடம் பார்ப்பது. புதிதாக ஆடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சாவது எதிரி பலசாலி என்பதால் அல்ல. கரண்ட் இல்லாத மொட்டைமாடியில் நின்று சண்டை போடுவதால். நகரத்தின் பல பகுதிகள் தொடக்கத்தில் இருளில் கிடக்கும். பாதாளச் சாக்கடையில் இறங்கி மின்சாரத்தை மீட்கும் வரை அங்கே உறிஞ்ச ஒன்றுமே கிடைக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் சத்துவாச்சாரியில் கோலை இறக்கிவிட்டால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். இன்னொன்று, ஆழமான தண்ணீரில் விழுந்தால் அவன் செத்தான். வேலூர்க் கோட்டை அகழி அவனுக்கு எமன். பாலாறு பரவாயில்லை, 2021 நவம்பர் வெள்ளம் போல எப்போதாவது வந்தால்தான் ஆபத்து.

புரோட்டோடைப்பின் அலெக்ஸ் மெர்சருக்கு வெளியிலிருந்து கரண்ட் தேவையில்லை. அவனுக்கு வேண்டியது ஆள். மன்ஹாட்டன் தெருவில் ஒருவனைப் பிடித்து அப்படியே உடம்புக்குள் இழுத்துக்கொண்டால் ஹெல்த் ஏறும், அவன் உருவம் கிடைக்கும், சிலரிடமிருந்து நினைவுகளும் கிடைக்கும். நினைவுகளைக் கோத்துத்தான் கதையின் பின்னணி துண்டு துண்டாகத் தெரியவருகிறது. கைகள் ஆயுதங்களாக மாறும்: காலாட்படைக்கு நகங்கள், கூட்டத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் எட்டிப் பாயும் சாட்டைக் கை, டாங்கியை நொறுக்கச் சம்மட்டிக் கை, பெரிய மிருகங்களுக்கு வாள் கை. கையில் வளரும் கேடயம் குண்டைத் தாங்கும், ஆனால் அடிபட்டு உடையும். உடல் முழுக்கக் கவசம் போட்டால் அடி குறையும், வேகமும் சேர்ந்தே குறையும்.

இந்தக் கேமில் புள்ளிகள் சேர்ந்தவுடன் எல்லோரும் செய்யும் தப்பு, பார்க்க அழகான அடிகளை வாங்குவது. முதலில் வாங்க வேண்டியவை காற்றில் பாய்வதும் மிதப்பதும். ராணுவத்தின் தாக்குதல் படை துரத்தும்போது உயிரைக் காப்பது வாள் இல்லை. இரண்டு தெரு தள்ளி, யார் கண்ணிலும் படாமல் உருவம் மாறுவதுதான். பார்வையில் இருக்கும்போதே உருவம் மாறினால் ஒரு பயனும் இல்லை. வைரஸைக் கண்டறியும் கருவிகளுக்கும் பறக்கும் உளவு விமானத்துக்கும் பக்கத்தில் வேஷம் செல்லாது. அவற்றை முதலில் உடைக்க வேண்டும். சிப்பாய் வேஷத்தில் நின்றுகொண்டு பக்கத்துச் சிப்பாயைக் காட்டி 'இவன்தான் அவன்' என்று சொல்லி, மற்றவர்கள் அவனைச் சுட்டுத்தள்ளுவதை வேடிக்கை பார்க்கும் வசதியும் உண்டு. கேம் இதை நகைச்சுவையாக வைத்திருக்கிறது. சிரிப்பும் வருகிறது, அதுதான் சங்கடம்.

சக்தி, சண்டை என்று மட்டும் பார்த்தால் புரோட்டோடைப்புக்கே எங்கள் ஓட்டு. கட்டடத்தின் மேல் ஓடிக் குதித்து, ஹெலிகாப்டரைப் பிடித்து, அதையே ஓட்டிக்கொண்டு போகும் வேகத்துக்கு இன்ஃபேமஸ் ஈடாகாது. கோல் சுவரில் ஒவ்வொரு பிடியாகப் பிடித்து ஏற வேண்டும், சில நேரம் வேண்டாத கம்பியில் போய் ஒட்டிக்கொள்வான். தண்டவாளத்திலும் மின்கம்பியிலும் சறுக்கிச் செல்லும் சக்தி கிடைத்த பிறகுதான் அவனுக்கு வேகமே வருகிறது. ஆனால் தர்மம் என்று வரும்போது பலரும் சொல்வதை ஏற்க முடியவில்லை. 'இன்ஃபேமஸில் நல்லது கெட்டது உண்டு, புரோட்டோடைப்பில் இல்லை, எனவே முதலாவது பிள்ளைகளுக்கு நல்லது' என்கிறார்கள். பாதிதான் சரி.

இன்ஃபேமஸில் திரையின் ஓரத்திலேயே கர்ம அளவுகோல் இருக்கிறது. நல்ல பக்கத்தில் ஏறும் பட்டங்கள் கார்டியன், சாம்பியன், ஹீரோ; கெட்ட பக்கத்தில் தக், அவுட்லா, இன்ஃபேமஸ். நல்லவனாக இருந்தால் மின்னல் நீலம், கெட்டவனானால் சிவப்பு. நம் ஊரில் சித்திரகுப்தன் கணக்கு எழுதுகிறான் என்பார்கள்; காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோவிலே உண்டு. ஆனால் அந்த ஏட்டை உயிரோடு இருப்பவன் யாரும் பார்ப்பதில்லை. இங்கே ஏடு கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. அதோடு, சக்திகளின் உச்ச நிலைகள் ஒவ்வொரு பக்கத்தின் கோடியில்தான் திறக்கும். கொஞ்சம் நல்லது, கொஞ்சம் கெட்டது என்று நடப்பவனுக்கு இரண்டு பக்கத்து உச்சமும் கிடைக்காது. விளைவு என்ன? ஆடுகிறவன் முதல் அரை மணி நேரத்திலேயே 'இந்த முறை நல்லவன், அடுத்த முறை கெட்டவன்' என்று ஒரே ஒரு முடிவை எடுத்துவிடுகிறான். அதன் பிறகு கேம் கேட்கும் எந்தக் கேள்வியும் கேள்வி இல்லை. விடைத்தாளில் ஏற்கெனவே எழுதிய பதிலைப் பார்த்து எழுதுவதுதான்.

கேட்கப்படும் கேள்விகளும் அப்படித்தான். வானிலிருந்து விழுந்த உணவுப் பெட்டியைப் பட்டினிக் கூட்டத்தோடு பகிர்வதா, கூட்டத்தை மின்னலால் விரட்டிவிட்டு எடுத்துக்கொள்வதா? யோசிக்க இதில் என்ன இருக்கிறது? விஷத் தார் பீய்ச்சும் வால்வை நீயே மூடுவதா, வழியில் போகிறவனை மூடச் சொல்வதா என்பது கொஞ்சம் பரவாயில்லை. அங்கே நல்லவனுக்கு உடம்பில் வலி இருக்கிறது. விலை கொடுக்காத தர்மத்தைவிட அது மேல்.

(கதையின் முடிச்சுகளைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கேம் முழுவதிலும் பேர்பெற்ற தேர்வு ஒன்றுண்டு. ஒரு கட்டடத்தில் காதலி டிரிஷ், இன்னொன்றில் ஆறு மருத்துவர்கள். ஒரு பக்கத்தைத்தான் காப்பாற்ற நேரம் இருக்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிரிஷ் சாகிறாள். காதலியைக் காப்பாற்ற ஓடியவன் போய்ப் பார்த்தால் அங்கே தொங்குவது வேறு பெண். டிரிஷ் மருத்துவர்களோடு நின்றவள். ஏமாற்று வேலை என்று பலர் திட்டுவார்கள். எங்கள் கருத்தில் அந்தக் கேமிலேயே நேர்மையான இடம் அது. ஏட்டில் புண்ணியம் ஏறியது, வீட்டில் பிணம் கிடக்கிறது.

இனி நாங்கள் சொல்ல வந்ததற்கு வருகிறோம். இந்தக் கேம்களில் தர்மம் தேர்வுப் பலகையில் இல்லை, ஆயுதத்தின் வீச்சில் இருக்கிறது. இன்ஃபேமஸின் எறிகுண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் வளர்த்தால் அந்தக் குண்டு எதிரிகளை வீழ்த்தி மின்கட்டுப் போட்டுத் தரையோடு தைத்துவிடும். கெட்ட பக்கம் வளர்த்தால் அதே குண்டு சிதறிப் பல குட்டிக் குண்டுகளாக வெடிக்கும். சந்தைத் தெருவில், சுற்றி ஐம்பது பேர் நிற்கும்போது இதில் எதை வீசுகிறோம் என்பதுதான் கேள்வி. யாரும் கதையை நிறுத்தி 'ஏ-வா, பி-யா' என்று கேட்பதில்லை. விரல் தானாக முடிவு செய்கிறது. வேலூர் லாங்கு பஜாரில் மாலை ஆறு மணிக்கு எதிரி ஒருவன் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதறுகுண்டு வைத்திருப்பவனுக்கு நல்ல எண்ணம் இருந்தும் என்ன பிரயோசனம்?

நல்லவனாக ஆடுவது கடினம் என்பதற்குக் காரணமும் இதுதான். எண்ணத்தில் கஷ்டமில்லை, கணக்கில் கஷ்டம். வீழ்ந்த எதிரியைக் கட்டிப்போட அவன் பக்கத்தில் போக வேண்டும். போனால் மற்றவர்கள் சுடுவார்கள். அடிபட்டுக் கிடக்கும் வழிப்போக்கரை எழுப்ப எனர்ஜி செலவாகும். கெட்டவனுக்கோ அதே வழிப்போக்கரின் உயிரை உறிஞ்சினால் எனர்ஜி ஏறும். ஒருவனுக்குச் செலவு, இன்னொருவனுக்கு வரவு. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள். நல்லவனாக நடந்தால் மக்கள் போட்டோ எடுப்பார்கள், எதிரிமேல் கல்லெறிந்து துணைக்கு வருவார்கள்; கெட்டவனாக நடந்தால் அந்தக் கல் நம்மேல் விழும். சண்டை நடுவே ஆர்வத்தில் ஓடிவரும் ரசிகர் நம் குண்டிலேயே மாட்டினால் அளவுகோல் கெட்ட பக்கம் சாயும். புகழ் வந்தால் பொறுப்பு கூடுகிறது, அதைச் சொல்லாமல் காட்டுகிறார்கள்.

2014-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த 'இன்ஃபேமஸ் செகண்ட் சன்' இதை இன்னும் கூர்மையாக்கியது. சியாட்டில் நகரம், டெல்சின் ரோவ் என்ற இளைஞன். புகை, நியான் விளக்கு, டிவி அலை என்று சக்திகளை மாற்றிக்கொள்கிறான். நியானில் குறி பார்க்கும்போது நேரம் மெதுவாகும். எதிரியின் தலையும் கணுக்காலும் தனித்தனியாகத் தெரியும். காலில் சுட்டால் விழுந்து கட்டுப்படுவான், நல்ல கணக்கு. தலையில் சுட்டால் சாவான், கெட்ட கணக்கு. தலையைவிட ஓடும் காலில் குறி வைப்பது கடினம். புகைச் சக்தியின் கந்தகக் குண்டை வீசினால் எதிரிகள் இருமிக்கொண்டே மடங்குவார்கள். அந்த இடைவெளியில் ஓடிப்போய்க் கட்டிப்போடலாம். சண்டையின் ஒவ்வொரு நொடியிலும் தர்மம் இருக்கும் கேம் இது. ஆனால் பெரிய கதைத் தேர்வுகளில் மறுபடியும் பழைய கதை: கிராமத்தார் துன்பப்படட்டும் என்று விடுவதா, நீயே சரணடைவதா? போகட்டும்.

2011-இல் வந்த இன்ஃபேமஸ் இரண்டாம் பாகத்தின் கெட்ட முடிவில் ஒரே ஒரு இடம் நெஞ்சைப் பிடிக்கும். இரண்டு பாகங்களிலும் கூடவே வந்த நண்பன் ஸீக் குறுக்கே நிற்பான். அவனை வீழ்த்துவதைக் காட்சியாகக் காட்டிவிட்டுப் போகாமல், பட்டனை நம்மையே அழுத்த வைக்கிறார்கள். மணிக்கணக்காகச் சிவப்பு மின்னலோடு ஊரை எரித்தவர்கள் அங்கே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அளவுகோலும் பட்டங்களும் செய்யாததை ஒரு பட்டன் செய்கிறது.

புரோட்டோடைப்பில் ஏடே இல்லை. அதனால் தர்மம் இல்லை என்று அர்த்தமில்லை. கேள்வியைக் கேட்காமலே பதிலைச் செய்ய வைக்கிறது, அவ்வளவுதான். ஹெல்த் குறைந்தால் மிக அருகிலுள்ள மருந்து எது? பக்கத்தில் கைப்பையோடு நடந்துபோகும் ஆள். அவரை விழுங்கினால் பிழைக்கலாம். சாதாரண அளவுக்கு மேல் ஹெல்த்தை நிரப்பினால் பூமியிலிருந்து முட்கள் எழும் அந்தப் பெரிய தாக்குதல்களைச் செய்ய முடியும்; நிரப்ப இன்னும் நாலு பேர் வேண்டும். தண்டனை இல்லை, அளவுகோல் இல்லை, யாரும் கல்லெறிவதில்லை. பத்து மணி நேரம் கழித்து நடைபாதையில் போகும் மனிதர்கள் ஆடுகிறவன் கண்ணுக்கு மருந்துப் பாட்டில்களாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். கதை கடைசியில் சொல்கிறது: உண்மையான அலெக்ஸ் மெர்சர் வைரஸை ஊரில் விட்டுவிட்டு முதலிலேயே செத்துப்போனான், நாம் ஆடியது அவன் உருவத்தை எடுத்துக்கொண்ட வைரஸ். அப்போது அந்தப் பார்வைக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. வைரஸுக்கு மனிதன் அப்படித்தானே தெரிவான். அந்த வைரஸே அணுகுண்டைத் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோய் நகரத்தைக் காப்பாற்றுவது கதாசிரியரின் குறும்பு. 2012-இல் வந்த இரண்டாம் பாகம் அந்த மெர்சரையே வில்லனாக்கி, குடும்பத்தை இழந்த ஜேம்ஸ் ஹெல்லரைக் கொண்டுவந்தது. தகப்பன் பாசம் என்று கதை உருகுகிறது. தெருவில் அதே விழுங்கல்தான். கதைக்கும் கைக்கும் ஒட்டவில்லை. முதல் பாகத்தில் குறைந்தது ஒட்டியது.

2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமைப் பற்றி ஒரு வரி. எதிரியை மொட்டைமாடியிலிருந்து தள்ளிவிட்டாலும் வலை தானாகப் பாய்ந்து அவனைச் சுவரில் ஒட்டவைத்துவிடும். கொல்லவே முடியாது, ஆகவே கேள்வியே இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு நிம்மதி, மற்றபடி பேச ஒன்றுமில்லை.

பெற்றோருக்குப் பயன்படும் சில விவரங்கள். அமெரிக்கத் தரச்சான்றில் இன்ஃபேமஸ் தொடரும் ஸ்பைடர்மேனும் 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை; புரோட்டோடைப் இரண்டும் 17-க்கு மேல். ஐரோப்பியச் சான்றில் புரோட்டோடைப் 18. பெட்டியின் முன்பக்க மூலையிலேயே அச்சிட்டிருக்கும், படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் சான்று போதாது. ஒரு கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, கதைக் காட்சிகளை விட்டுவிட்டு, ஒரு தெருச் சண்டையை மட்டும் கவனியுங்கள். கூட்டம் ஓடி ஒதுங்கும் வரை பையன் காத்திருக்கிறானா, அல்லது கூட்டத்தோடு சேர்த்தே வீசுகிறானா? எந்த அப்கிரேடை வாங்குகிறான், கட்டிப்போடுவதா, சிதறுவதா? 'இந்த முறை கெட்டவனாக ஆடுகிறேன்' என்று அவனே சொன்னால் பதற வேண்டாம். அது நாடகத்தில் துரியோதனன் வேஷம் கட்டுவது மாதிரி. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் கட்டுபவர் விடிந்ததும் வயலுக்குப் போகவில்லையா? கவலைப்பட வேண்டியது வேறு. வேஷமே கட்டாமல், எதையும் தேர்ந்தெடுத்ததாகவே தெரியாமல், வழியில் நிற்பவர்களை அடித்துக்கொண்டே போவது. அப்போது திட்ட வேண்டாம், 'அந்த ஆள் எதற்கு?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. அடுத்த தெருவில் கொஞ்சம் சுற்றிப் போவான்.

பழைய டிஸ்க் வாங்குபவர்களுக்கு: இன்ஃபேமஸ் முதல் இரண்டு பாகங்களும் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் வந்தவை. அந்த டிஸ்க் 4-இலும் 5-இலும் ஓடாது, கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. 'கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். செகண்ட் சன் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் ஓடும். புரோட்டோடைப் இரண்டும் கம்ப்யூட்டரிலேயே உண்டு. பிளேஸ்டேஷன் 3 இப்போது பழைய மெஷின். நம் ஊர் மே மாதத்தில் அலமாரிக்குள் அடைத்துவைத்து ஆடினால் மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிடும். நாலு பக்கமும் கை நுழையும் அளவு இடம் விட்டு, காற்றுத் துவாரத்தில் தூசி தட்டி வையுங்கள். கேம் சேவ் ஆகும் அடையாளம் திரையில் சுழன்றுகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அத்தனை நாள் ஆடியதும் பாழாகலாம். பராமரிப்பு மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்துவிட்டு ஆட உட்காருவது நல்லது; நீங்கள்தான் அதை முன்கூட்டியே போடுகிறீர்களே.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.